பூச்சியம் தசம் எட்டு ஐந்து

இந்த ஊர் ஆற்றுக்கு இரண்டு பெயர்.
பாலத்துப் பலகையில் மேல்வரி ஷூஸ்,
கீழ்வரி சூஸ்.
தண்ணீர் எதற்கும் திரும்பிப் பார்ப்பதில்லை.
பீல் நகரில், அந்தக் கரையில், மூன்றாம் மாடியில்
எனக்குச் சம்பளம் தருவது இதற்கு:
ஒரே வழி நடந்தவனும்
பல வழி பிரிந்து போனவனும்
ஒரு குகையில் சந்திக்கையில்
எவனுக்கும் வெட்கம் வரக்கூடாது.

பல மரம் கண்ட தச்சன்
ஒரு மரமும் வெட்டான் என்பார்கள்.
எங்கள் விளையாட்டுக்குள் வந்து பார்க்கட்டும்.
மூன்று நிலை வைத்தியம்,
இரண்டு நிலை கேடயம்,
மிச்சம் பதினைந்தும் நெருப்பு என்று
கூடைக்குள் பொறுக்கிப் போட்ட கரும்பனி77
காட்டையே கொளுத்திவிட்டுச்
சாம்பலில் நின்று ஆடுகிறான்.
கல் அரக்கனை விழுத்த
நாங்கள் எழுதிவைத்தது ஒன்பது நிமிடம்.
அவனுக்கு நாற்பது விநாடி.

வெட்டு, முப்பது வீதம், என்றாள் உர்சினா.
கோபம் வந்தால் மட்டும்
அவள் எழுத்து ஜெர்மன் கதைப்பாள்.
நான் வெட்டவில்லை. பதிவேட்டைத் திறந்தேன்.

அங்கே ஒதில் இருந்தாள்.
இருபது நிலையும் வைத்தியம்.
ஆறு வருடமாக வேறொன்றும் தொடாதவள்.
முன்பு ஓர் இரவில்
ஆயிரத்து இருநூறு முறை கை உயர்த்தியவள்,
இந்த மாதம் முழுக்க முப்பத்தொன்பது.
களைப்பல்ல.
காயப்பட ஆளில்லை.
ஆளாளுக்கு மூன்று நிலை வைத்தியம் கடன் வாங்கி
தங்களைத் தாங்களே ஒட்டிக்கொள்கிறார்கள்.
குழுவின் கடைசியில், வெள்ளை அங்கியோடு,
கலியாண வீட்டில் வேலை சொல்லப்படாத
சொந்தக்காரிபோல் நடந்து போகிறாள்.

மத்தியானம் பாண் வாங்கப் போனேன்.
வணக்கம் ஜெர்மனில், விலை பிரெஞ்சில்,
சில்லறை எண்ணியது தமிழில்.
எல்லாம் வருகிறதே உங்களுக்கு, என்றாள் கடைக்காரி.
வரும்தான்.
சண்டை பிடித்தால் ஜெர்மனில் வேற்றுமை வழுக்கும்,
பிரெஞ்சில் மேசைக்கும் கதிரைக்கும் பால் மறக்கும்,
தமிழில் நாலு வரி எழுதினால்
அண்ணன் ஒற்றுப்பிழை திருத்தி அனுப்புவான்.
இருபதாம் நிலையில் மட்டும் திறக்கிற
கடைசி வித்தை
மூன்றிலும் எனக்குப் பூட்டியே கிடக்கிறது.

படியேறும்போது பிடிபட்டது.
அந்தப் பூட்டுத்தானே விலை?
கரும்பனியிடம் யாரும் விலை கேட்கவில்லை,
ஏனென்றால் பூட்டுக்குப் பின்னால் ஒன்றுமில்லை.
வைத்தியத்தின் கடைசி வித்தையை
ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில்
எழுதியது நான்தான்:
அங்கியைச் சுற்றிக் கொஞ்சம் ஒளி.
ஆறு வருடம் நடந்து வந்தவளுக்கு
ஒரு மின்குமிழ்.

அன்றிரவு மாற்றி எழுதினேன்.
விழுந்தவரைப் பத்து விநாடிக்குள்
எழுப்பலாம். இருபதையும் நடந்தவர் மட்டும்.
கடன் வாங்கிய வைத்தியத்துக்குக் கழிவு எவ்வளவு?
பூச்சியம் தசம் ஏழால் பெருக்கு, என்றாள் உர்சினா.
ஒன்பது, என்றேன்.
கோப்பி ஆறும்வரை மீன் விலை பேசுவதுபோல் பேசி
எட்டு ஐந்தில் நின்றோம்.
நீதி என்று சொல்லமாட்டேன்.
இரண்டு பேருக்கும் கால் வலித்த இடம்.

புதன்கிழமை விடிய எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.
திருடர்கள் என்று கரும்பனி எழுதியிருந்தான்,
மூன்று மொழியில்,
மூன்றிலும் பிழையோடு.
தம்பி, உன்னை எனக்குத் தெரியும்.

அன்றிரவே விழுந்தான்.
கல் அரக்கனின் இடது கை,
அவன் நெருப்பு அணைய முதல்.
பார்த்துக்கொண்டிருந்தேன்.
தொடங்கியதும் எழுப்பிவிடலாம், இரண்டு விநாடி போதும்.
ஒதில் ஒன்பது எடுத்தாள்.
மிச்ச ஏழு விநாடியும்
அவள் அங்கி அசையவில்லை.
அதற்கு நான் ஒரு வரியும் எழுதி வைத்திருக்கவில்லை.